சௌடேஸ்வரிக்கு ஒரு புத்தகம்

ஞானஸ்நானத்துக்கு என்ன வாங்கிப்போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை, வேலை ஓய்வு என்றால் தெரியும், கால் தானாகவே பாத்திரக் கடைக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடும். நாற்பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தி இன்னொரு மதத்தில் சேர்வதற்காகச் சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் முங்கி எழுந்திருக்கப்போகிறாள், அவளுக்கு என்ன வாங்குவது. எவர்சில்வர் தூக்கா, சுங்குடிச் சேலையா. புத்தகம் என்று எப்போது முடிவு செய்தேன் என்பதும் நினைவில்லை. காலையில் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன், டவுன்ஹால் தாண்டி இந்தப் புத்தகக் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறேன், மணி பதினொன்றரை, உள்ளே ஏசி இல்லை, மூன்று மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றுகிறது, அதற்கு நேர் கீழே நின்றால் பக்திப் புத்தகங்கள், ஒரு அடி தள்ளினால் வேர்வை. “ஆருக்குங்க பாக்கறீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். சிநேகிதிக்கு என்றேன். “பொறந்த நாளுங்களா?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். ஞானஸ்நானம் என்றால் எந்தச் சபை என்று கேட்பார், மார்மன் சபை என்றால் அது என்னங்க என்பார், எனக்கே சரியாகத் தெரியாது. அப்படிக் கூப்பிடக்கூடாதாம், முழுப்பேரையும் சொல்ல வேண்டுமாம், சௌடேஸ்வரி ஒருமுறை திருத்தினாள். முழுப்பேர் நீளம், பாதியிலேயே எனக்கு மறந்துவிடும். பிறந்தநாள் என்று சொன்னதும் ஒருவகையில் பொய் இல்லை, புதுசாகப் பிறக்கிறோம் என்றுதான் அவளும் சொல்கிறாள். பதினெட்டு வருஷமாகத் தெரிந்தவள் இன்றைக்குப் புதுசாகப் பிறந்துவிட்டால் அந்தப் பதினெட்டு வருஷம் எங்கே போகும்.

பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் அவள் டோக்கன் கொடுக்கிறவள், நான் மருந்துக்கடையில் இருக்கிறவள். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பேக்கரி. சிநேகிதம் என்று பெரிசாக ஒன்றும் சொல்லத் தெரியாது, சாயங்காலம் நாலேகாலுக்கு டீ, அவ்வளவுதான், பதினெட்டு வருஷம் நாலேகாலுக்கு டீ. அவளுக்குச் சர்க்கரை கம்மி, எனக்கு ஸ்ட்ராங். அந்தச் சபையில் டீ குடிக்கக்கூடாதாம், காபியும் கூடாது. போன மாசம் பேக்கரியில் வந்து உட்கார்ந்து, “எனக்கு வெறும் பால் சொல்லு புள்ள” என்றாள். சின்ன விஷயம்தான். மதம் மாறுவது, சாமி படங்களைத் துணியில் சுற்றிப் பரணில் வைப்பது, அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை, அந்தப் பால் டம்ளரைப் பார்த்ததும்தான் உறைத்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்தால் அவளை அவமதிக்கிறேனா, குடிக்காவிட்டால் நானும் சேர்ந்துவிட்டேனா என்று யோசித்து யோசித்து ஆற விட்டேன். இப்போது கடையில் தன்னம்பிக்கை அலமாரிக்கு வந்திருக்கிறேன். வெற்றி, வெற்றிப்படி, ஏழு வழி, இருபத்தொரு வழி. அட்டையில் கோட்டு போட்டவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். மகளைப் பறிகொடுத்தவளிடம் இதைக் கொடுத்தால் செருப்பால் அடிக்க வேண்டும் என்னை. அடுத்தது சமையல். அடுத்தது ஜோசியம். அதற்கும் அடுத்ததில் கிறிஸ்தவ நூல்கள் ஒரு தட்டு, பிரார்த்தனை, தியானம், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். கையில் எடுத்தேன். இது அவர்களுக்குச் சரிப்படுமா, வேறு சபைக்காரர்கள் எழுதினது ஆகாது என்பார்களா, சபை ஊழியத்துக்கு வந்திருக்கிற அந்த இரண்டு பெண்பிள்ளைகள் அட்டையைப் பார்த்து முகம் சுளிப்பார்களா. திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பெண்பிள்ளைகள் காக்கிநாடாப் பக்கம், இருபத்திரண்டு இருபத்திமூன்று இருக்கும், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்தியிருப்பார்கள், ஒருத்திக்குக் கண் சிவந்து சௌடேஸ்வரியிடம் டோக்கன் வாங்க வந்ததுதான் ஆரம்பம். என் கடையில்தான் சொட்டு மருந்து வாங்கினார்கள். நான்தான் கொடுத்தேன், மூன்று வேளை ஊற்றும்மா என்று. தெலுங்கு கலந்த தமிழில் தேங்க்ஸ் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பிப்போய், உங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது அக்கா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வி. மூன்று வருஷமாக நான் கேட்காத கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் நான் கேட்கவில்லை.

மிருதுளா. பெயரை மனசுக்குள் சொன்னாலே அலமாரிகள் எல்லாம் கொஞ்சம் சாய்கிறமாதிரி இருக்கிறது. பத்தொன்பது வயசு, தாவரவியல் இரண்டாம் வருஷம், கடைக்கு வந்தால் கவுன்ட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு மாத்திரை அட்டைகளை நிறவாரியாக அடுக்குவாள், எறங்குடி, முதலாளி வந்தா என்னைத்தான் திட்டுவாரு என்றால் இறங்க மாட்டாள். புருஷன் போனபோது குழந்தைக்கு ஆறு வயசு, அதற்குப் பிறகு சௌடேஸ்வரிக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சௌடேஸ்வரி கவுன்ட்டருக்கு இந்தப்பக்கம் வந்து நின்றாள். “மிருதுவுக்கு நேத்து ராத்திரியில இருந்து காச்சல் புள்ள, மேலெல்லாம் வலிங்கறா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?” எனக்கு முன்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மழைக்காலம், ஊருல எல்லாருக்கும்தான் இருக்குது. பாராசிட்டமால் குடு, ரெண்டு நாள் பாரு.” ரெண்டு நாள் பாரு. இரண்டு நாள் பார்த்தாள். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கிவிட்டது, போன் பண்ணிச் சிரித்தாள், நீ சொன்னபடியே ஆயிருச்சு என்றாள், நானும் சிரித்தேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். அது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அதைச் சொல்லுகிற நோட்டீஸ் எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது, நான்தான் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன், அந்தச் சுவருக்குக் கீழே நின்றுகொண்டுதான் போனில் சிரித்தேன். வெள்ளிக்கிழமை மிருதுளா குளியலறையில் விழுந்தாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சௌடேஸ்வரி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் நாலேகாலுக்குப் பேக்கரியில் வந்து உட்கார்ந்தாள், சர்க்கரை கம்மி என்றாள், அதோடு சரி. மறந்துவிட்டாள் என்று சில நாள் நினைப்பேன். யாரிடம் என்ன கேட்டோம் என்பதெல்லாம் அந்தக் கலவரத்தில் அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைப்பேன். மறக்கவே இல்லை, பெரிய மனசு, மன்னித்துவிட்டாள் என்று வேறு சில நாள். இரண்டில் எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“அம்மா, கதைப் புத்தகம் அந்தப்பக்கம் இருக்குதுங்க” என்றார் கடைக்காரர். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போல. கதையில் யாராவது சாவார்கள். சாகாத கதையாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்றால் முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். செடிகொடிகளைப் பற்றி ஒரு படப்புத்தகம் இருந்தது, நல்ல வழுவழுத் தாள், முதல் பக்கத்திலேயே செங்காந்தள். மிருதுளாவாக இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். இதைக் கொடுத்தால் சௌடேஸ்வரி அழுவாளா, அழுதால் நல்லதா, இன்றைக்கு அவள் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் இல்லையா. சபைக்காரர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், குடும்பம் என்பது சாவோடு முடிகிறது இல்லை என்று. ஒரு வருஷம் கழித்துத் தூரத்தில் இருக்கிற அவர்களுடைய கோயிலுக்குப் போனால் மகளையும் தன்னையும் என்றைக்குமாகச் சேர்த்து முத்திரை வைத்துவிடுவார்களாம், அப்புறம் பிரிவே கிடையாதாம். “நெசமா இருக்கும்ங்கறியா?” என்று என்னைக் கேட்டாள். நான் சாமி கும்பிடாதவள், அது அவளுக்குத் தெரியும். இருக்கும் என்று சொன்னால் அவளை ஏமாற்றுகிறேன், இருக்காது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. தெரியல சௌடா என்றேன். காய்ச்சலுக்குத் தெரிந்தமாதிரிச் சொன்னேன், இதற்குத் தெரியல என்கிறேன். படப்புத்தகத்தை மூடி வைத்தேன். கீழ்த்தட்டில் அகராதிகள். குனிந்து ஒன்றை எடுத்தேன், செங்கல் கனம், தமிழுக்குத் தமிழ். இதுதான் என்று சட்டென்று பட்டது. அவள் வீட்டில் கன்னடம் பேசுகிறவள், பத்தாவதோடு நிறுத்தியவள், அந்தப் பிள்ளைகள் கொடுத்த நீல அட்டை வேதப்புத்தகத்தில் நாலு வரிக்கு ஒரு வார்த்தை அவளுக்கு முட்டுகிறது. ராத்திரி சமையல் நேரத்துக்கு எனக்கு மெசேஜ் வரும். உடன்படிக்கை என்றால் என்ன. ஒப்பந்தம் மாதிரி என்று எழுதுவேன். பிராயச்சித்தம் என்றால். செய்த தப்புக்கு ஈடு கட்டுவது என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்து, குழம்பு கொதித்து வழிந்து, பிறகு அனுப்பினேன். அகராதி கொடுத்தால் யாருக்கும் மனசு நோகாது, எந்தச் சபைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார், நான் நம்புகிறேன் என்றும் ஆகாது, நம்பவில்லை என்றும் ஆகாது. கவுன்ட்டரில் வைத்தேன். பொதிந்து கொடுங்க என்றேன். கடைக்காரர் பூப்போட்ட தாளை விரித்து, மூலைகளை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, இதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்காக எனக்கு மெசேஜ் அனுப்பப்போகிறாள். டீ போய்விட்டது. மிச்சம் இருந்தது ராத்திரியில் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது மட்டும்தான். அதையும் நானே பூப்போட்ட தாளில் சுற்றி அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ரிப்பனும் ஒட்டிவிட்டார். அப்போதுதான் போன் அடித்தது. அவள்தான்.

“எங்க புள்ள இருக்கே?”

“டவுன்ஹால்கிட்ட. புத்தகக் கடையில.”

“எனக்கா? எதுக்குடி அதெல்லாம். நாலு மணிக்கு வந்துருவியல்ல?”

“வந்துருவேன்.”

 அவள் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது. வெச்சிட்டியா என்று கேட்கப்போனேன்.

“வேணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் பத்தாது. புதன்கிழமை என்னைத் தனியா உக்கார வெச்சுக் கேள்வியெல்லாம் கேட்டாங்க, முங்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் கேப்பாங்களாம். மனசுல ஏதாச்சும் பாரம் இருக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். உம் பேரைச் சொன்னேன்.”

கடைக்காரர் பொதியை என் பக்கமாக நகர்த்தினார். நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“ரெண்டு நாள் பாருன்னு சொன்னியே. மூணு வருசமா அதுதான் ஓடிட்டு இருக்குது எனக்குள்ள. தெனமும் உங்கூட டீ குடிச்சனே, ஒவ்வொரு வாய்க்கும் உன்னைத் திட்டிட்டுத்தான் குடிச்சேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தே சௌடா, தெனமும்?”

“எனக்கு வேற ஆரு இருக்கறா?”

மறுபடி மிக்ஸி. நான் என்ன சொன்னேன். இப்போ என்று மட்டும் கேட்டேன் போலிருக்கிறது.

“இப்பவும் இருக்குது. முங்கி எந்திரிச்சா எல்லாம் போயிரும்ங்கறாங்க. எனக்குத் தெரியல. முங்கித்தான் பாக்கோணும். நீ வராம இருந்துறாத. வா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெயிலில் வந்து வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, சீட்டு பொரிந்தது, அது தொடையில் சுடுகிறது என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று வருஷம். ஒரு நாளைக்கு ஒரு டீ, ஒரு டீக்கு எத்தனை வாய். அவள் உதட்டைக் குவித்து ஊதிக் குடிக்கிறபோது நான் என் கடைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன், முதலாளி மகனின் கல்யாணம், காலாவதி மருந்து திருப்பி அனுப்பியது, அவள் ம் ம் என்பாள், அந்த ஒவ்வொரு ம்முக்கும் அடியில் அது இருந்திருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் எனக்குக் கோபமோ அதிர்ச்சியோ வரவில்லை. யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று மூன்று வருஷம் காத்திருந்து, தட்டிவிட்டார்கள், இப்போது எழுந்து போய்த் திறக்கக் கால் வரவில்லை. போகாமல் இருந்துவிடலாம். தலைவலி என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். போனால் என்னைப் பார்த்துக்கொண்டே முங்க வேண்டும் அவள். ஒரு மனுஷியை மன்னிப்பதற்காக அவள் மதம் மாற வேண்டியிருக்கிறது, அந்த மனுஷி மூன்றாவது வரிசையில் பூப்போட்ட பொதியோடு உட்கார்ந்திருப்பாள். எங்கே போனேன், என்ன சாப்பிட்டேன், ஒன்றும் நினைவில்லை. மூன்றரைக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் இருந்தேன்.

சிலுவை இல்லாத சபை. உள்ளே வெள்ளைச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது பேர் இருக்கும், எல்லாரும் துவைத்து மடித்தமாதிரிச் சுத்தமாக இருந்தார்கள், எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள், நீங்கள்தான் அவருடைய சிநேகிதியா என்று கேட்டார்கள். பெயர்ப்பட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி, “வேணி அக்கா, நீங்க வந்தது ரொம்ப ஹேப்பி” என்றாள், கண் தெளிந்து நன்றாக இருந்தது. இவளுக்குத் தெரியுமா. எல்லாருக்கும் தெரியுமா. பின்சுவரில் ஒரு மடக்குக் கதவைத் திறந்தார்கள், நீலக்கல் பதித்த தொட்டி, மார்பளவு தண்ணீர். சௌடேஸ்வரி படியில் இறங்கி வந்தாள். வெள்ளைச் சுடிதார், துப்பட்டா இல்லை, ஒரு வளையல் இல்லை. புருஷன் செத்தபோது வெள்ளை கட்டு என்று சொன்ன நாத்தனாரிடம், எம் பொண்ணு பயந்துக்குவா, கட்ட மாட்டேன் என்று மறுநாளே சிவப்புச் சேலையில் வேலைக்கு வந்தவள் இவள். இப்போது பயப்பட யாரும் இல்லை. அவளோடு தண்ணீரில் நின்றவர் வங்கியில் வேலை பார்க்கிறவராம், அவரும் வெள்ளை, வலது கையை உயர்த்தி அவள் முழுப்பெயரையும் சொல்லிச் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார், அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், அவர் பின்பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் மூடியது. எழுந்தாள், இருமினாள். முடிந்தது என்று நான் நினைத்தேன், தொட்டியின் இரண்டு பக்கமும் நின்ற சாட்சிகளில் ஒருவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கால் கட்டைவிரல் மேலே வந்துவிட்டதாம். முழுசாக முங்கினால்தான் செல்லும், ஒரு நுனி வெளியே தெரிந்தாலும் மறுபடி. நாற்காலிகளில் யாரோ அன்பாகச் சிரித்தார்கள். சௌடேஸ்வரி சிரிக்கவில்லை. முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்தாள். இந்த முறை அவளாகவே காலைத் தரையில் ஊன்றி மடக்கிக்கொண்டு போனாள், அவர் சாய்ப்பதற்கு முன்னாலேயே போய்விட்டமாதிரி இருந்தது, தண்ணீருக்கடியில் வெள்ளைத் துணி ஒரு சுற்று விரிந்து அடங்கியது, ஒரு நுனிகூட மேலே இல்லை. சாட்சிகள் சரி என்று தலையசைத்தார்கள். எழுந்தவள் கண்ணைத் திறக்கவே இல்லை. படிக்குக் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

உடை மாற்றிக்கொண்டு வந்தாள். எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், கேக் வெட்டினார்கள், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். பொதியை நீட்டினேன். கையில் வாங்கி, “என்ன புள்ள இந்தக் கனம் கனக்குது” என்றாள், பிரிக்கவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. போயிருச்சா என்று கேட்பது என்னுடைய வேலையே இல்லை என்று பட்டது. அவளே, கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, “இன்னும் போகல வேணி” என்றாள். சரி என்றேன். “போகும்போது என்னைய வீட்டுல விட்டுரு. தலை ஈரம். பஸ்ஸுல போனாச் சளி புடிச்சுக்கும்.” வண்டியில் ஏறினாள். அவிழ்த்துவிட்ட முடி என் முதுகில் பட்டுப் பட்டு ரவிக்கை நனைந்தது, தண்ணீர் முதுகுத்தண்டில் வழிந்து இடுப்புவரைக்கும் இறங்கியது, சாயங்காலக் காற்றுக்கு நடுக்கியது, தள்ளி உட்கார் என்று சொல்லத் தோன்றவில்லை. லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு, மேலே நொடி எண்கள் குறைந்துகொண்டிருந்தன. எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. பேருந்துகள் நெருக்கிக்கொண்டு நின்றன. முகம் தெரியாமல் இருப்பதுதான் தைரியம் கொடுத்திருக்க வேண்டும், முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன், அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், சௌடா, எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நிமிர்ந்துகூடப் பாக்காமச் சொல்லிட்டேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. பிறகு என் தோளில் தட்டினாள்.

“கேக்கல புள்ள. பஸ்ஸு சத்தம். மறுக்காச் சொல்லு.”

கேட்டிருக்கும். கேட்டிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வண்டியை அணைத்தேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உடம்பை முழுக்கத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்து, பேருந்துச் சத்தத்துக்கு மேலே போகிறமாதிரி உரக்க, மிருதுளாவின் பெயரையும் சேர்த்து, செவ்வாய்க்கிழமையையும் வியாழக்கிழமையையும் சேர்த்து, சுவரில் ஒட்டிய நோட்டீஸையும் விடாமல் மறுபடி சொன்னேன். பக்கத்து பைக்கில் இருந்தவர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். சௌடேஸ்வரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தையும் தப்பவிடக்கூடாது என்பதுபோல, நான் முடிக்கிறவரைக்கும்.

“ம்” என்றாள். “பச்சை விழுந்துருச்சு. எடு.”